அப்பா தேய்க்காத ஜாக்கெட்

சென்னை வெயிலில் லெதர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு பைக்கில் போறவனைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுமோ, அதேதான் எனக்கும் தோணும். ஆனா, ஆசை யாரை விட்டது?

செகண்ட் இயர் படிக்கும்போது, எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்காக ஆன்லைனில் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். விலை 1,499 ரூபாய். ‘வின்டேஜ் லுக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முழங்கையில் வெளுத்த மாதிரி, காலரில் நைந்த மாதிரி... பார்க்க ஏதோ உலகப் போருக்குப் போய் வந்த மாதிரியே இருந்தது. சிம்போசியம் மேடையில் அதைப் போட்டுக்கொண்டு மைக் பிடித்தேன். விசில்! (அடிச்சது என் ரூம்மேட்தான். அதுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தது தனிக் கதை.)

நாலே மாசம். ஒரு மழை சீஸன் போச்சு. ஒருநாள் கிளாஸில் பின் பெஞ்ச்காரன் என் தோளைத் தட்டிவிட்டு மெதுவா கேட்டான்: “மச்சி... உனக்கு கறுப்புப் பொடுகா?”

கழுத்தைச் சுற்றி, சட்டை மேல, நோட்டு மேல... எங்கே பார்த்தாலும் கறுப்புச் செதில்! ஜாக்கெட் உரிஞ்சுக்கிட்டு இருந்தது. பாம்பு சட்டை உரிச்சாலாவது உள்ளே புதுத் தோல் இருக்கும். இதுக்குள்ளே வெறும் வெள்ளைத் துணி!

அதைச் சுருட்டி பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்க வீடு குரோம்பேட்டை. 1912-ல் ஆரம்பித்த குரோம் லெதர் கம்பெனியால்தான் இந்த ஊருக்கே அந்தப் பேர். அப்படி ஊர்ப் பேரிலேயே தோல் இருக்கு. அதைவிட முக்கியம், எங்க அப்பா லெதர் ஜாக்கெட் தைக்கிற ஏற்றுமதி கம்பெனிகளில் 25 வருஷத்துக்கு மேல வேலை பார்க்கிறவர். அல்வாக் கடைக்காரர் பையன் பக்கத்துத் தெருவில் போய் சவ்வுமிட்டாய் வாங்கித் தின்ன கதைதான் என்னோடது.

அப்பா ஜாக்கெட்டை வாங்கினார். முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் கிழிஞ்ச ஓரத்தை ட்யூப் லைட் பக்கம் தூக்கிப் பிடித்தார். சிரிச்சிட்டார்.

“எவ்ளோடா?”

“1,499.”

“இது தோலே இல்லடா. ரெக்ஸின். வெட்டின ஓரத்தைப் பாரு. தோலா இருந்தா நார் நாரா தெரியும். இதுல துணி தெரியுது.”

நான் மெக்கானிக்கல். விடுவேனா? படிச்சுப் பார்த்தேன். துணி மேலே பாலியூரித்தேன் பூச்சு. காற்றில் இருக்கிற ஈரப்பதம் அந்த பாலிமர் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே இருக்கும். பேரு ஹைட்ராலிசிஸ். சென்னை ஈரக்காற்றுக்கு இது அல்வா சாப்பிடற மாதிரி. அதாவது, இந்த ஜாக்கெட்டுக்கு வயசாகாது, செத்துப்போகும், அவ்வளவுதான்! உண்மையான தோல் அப்படி இல்லை. அது கொலாஜன் நார்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கிற வலை. மடிக்க மடிக்க அந்த இடத்தில் சுருக்கம் விழும். போடுறவன் உடம்புக்கு ஏத்த மாதிரி படிஞ்சுக்கும். 

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சது இந்தக் கிறுக்கு. பழைய ஜாக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? புதுசா, அதே மாதிரி செஞ்சா போதாதா? தேடித் தேடிப் படிச்சேன்.

சினிமாவில் ஹீரோ மாட்டிக்கிட்டு வருவாரே, குறுக்கே சாய்வா ஜிப் வச்ச பைக் ஜாக்கெட்... அதுக்கு அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவர் நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ஷாட். 1928-ல் அதைச் செய்தார். தனக்குப் பிடிச்ச சுருட்டோட பேரான ‘பெர்ஃபெக்டோ’வையே ஜாக்கெட்டுக்கும் வச்சார். அப்போ விலை 5.50 டாலர். அந்தச் சாய்வு ஜிப் சும்மா ஸ்டைலுக்கு இல்லீங்க. பைக் ஹேண்டில்பாரை நோக்கிக் குனியும்போது நேர் ஜிப் வயித்துல முட்டிக்கிட்டு நிக்கும். சாய்வா இருந்தா முட்டாது. முன்பக்கம் ரெண்டு மடிப்பா மூடுறதால் எதிர்காத்தும் உள்ளே வராது. 1953-ல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ அந்த மாதிரி ஜாக்கெட்டோட வந்து நின்னார். அதுக்கப்புறம் அது குளிருக்குப் போடுற உடுப்பா இல்லாம, வீட்டுல அடங்காத பசங்களோட யூனிஃபார்மா ஆயிடுச்சு!

இன்னொரு பெரிய தலை, ஏ-2. அமெரிக்க ராணுவ விமானிகளுக்காக 1931-ல் வந்தது. பெரும்பாலும் குதிரைத் தோல். ஏன் குதிரை? அப்போ வண்டி இழுக்கவும் ஏர் உழவும் அங்கே குதிரைகள்தான். தோலும் ஏராளமா கிடைச்சது. கார், டிராக்டர் எல்லாம் வந்து குதிரையை ஓரங்கட்டின பிறகு குதிரைத் தோலும் அபூர்வமாச்சு. பழைய ஜாக்கெட்டுக்கு இருக்கிற மதிப்பில் பாதி ரகசியம் இதுதான். அந்த ஜாக்கெட் மட்டும் பழசு இல்லை. அதைக் கொடுத்த உலகமே போயிடுச்சு.

போர் விமானிகள் ஏ-2-வோட முதுகில் தங்களோட விமானத்தின் பேரை எழுதினாங்க, படம் வரைஞ்சாங்க. இன்னிக்கு ஏலத்துக்கு வர்ற அந்த ஜாக்கெட்டுகளில் சுருக்கமா, கறையா, கிழிசலைத் தைச்ச தையலா இருக்கிறது எல்லாமே ஒரு ஆளோட வாழ்க்கை. 1943-ல் ராணுவம் புது லெதர் ஜாக்கெட் வாங்குறதை நிறுத்திட்டு துணி ஜாக்கெட்டுக்கு மாறிடுச்சு. தமாஷ் என்னன்னா, 1988-ல் அமெரிக்க விமானப்படையே ஏ-2-வைத் திரும்பக் கொண்டு வந்தது. 45 வருஷம் கழிச்சு தன்னோட பழைய சட்டையைத் தானே காப்பி அடிச்சுக்கிச்சு! இந்த முறை ஆட்டுத் தோலில்.

காப்பின்னு சொன்னதும் மட்டமா நினைச்சுடாதீங்க. இதில் ஜப்பான்காரங்களை அடிச்சுக்க ஆளே இல்லை. உலகப் போர் முடிஞ்சு 1945 முதல் 1952 வரைக்கும் அமெரிக்கப் படை ஜப்பானில் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்து அமெரிக்க உடுப்புகள் மேல அங்கே உண்டான மோகம் பிற்பாடு ஒரு தொழிலாவே வளர்ந்துடுச்சு. பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ் மாதிரி கம்பெனிகள் பழைய ஜாக்கெட்டோட நூல், ஜிப், லைனிங், தையல் இடைவெளி வரைக்கும் அளந்து அப்படியே செய்யறாங்க. நல்ல குதிரைத் தோல் பீஸ் ஒண்ணு நம்ம காசுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். (என் செமஸ்டர் ஃபீஸ் ஞாபகத்துக்கு வந்து பக்கத்தை மூடிட்டேன்.)

அந்த உலகத்தில் ‘தேயிலை நிற உள்’ என்று ஒரு சமாசாரத்தைக் கொண்டாடுறாங்க. தோலோட உள்பாகம் டீ நிறத்துல பிரவுன். மேலே மட்டும் கறுப்பு. வாங்கும்போது முழுக் கறுப்பு. போடப் போட எங்கெல்லாம் உரசுதோ அங்கெல்லாம் பிரவுன் எட்டிப் பார்க்கும்.

இதை அப்பாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: “அதுக்கு நாங்க ரப்-ஆஃப்னு சொல்லுவோம். அடில பிரவுன், மேல கறுப்பு. ஆனா, போடுறவன் தேய்க்கிற வரைக்கும் பையர் காத்திருக்க மாட்டான்டா. நாங்களே தேய்ச்சு அனுப்பணும்.”

எனக்குக் கை அப்படியே நின்னுடுச்சு. அப்பா கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறார்னு இருபது வயசு வரைக்கும் நான் ஒழுங்கா கேட்டதே இல்லை. காலேஜ் ஃபார்மில் ‘பிரைவேட்’னு எழுதிட்டுப் போயிடுவேன்.

அப்பா கட்டிங் மாஸ்டரா இருந்தவர். ஆட்டுத் தோல்னா ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறேழு தோல் வேணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர்ல, ஒவ்வொரு தடிமன்ல இருக்கும். முள்ளு கீறின தழும்பு, உண்ணி கடிச்ச புள்ளி எல்லாம் இருக்கும். அதை ஒதுக்கி, நல்ல பாகத்தை முதுகுக்கும் நெஞ்சுக்கும் எடுத்து, மிச்சத்தைக் கைக்கு அடியில் மறைச்சு வெட்டணும். “ஒரு ஜாக்கெட் எப்படின்னு தெரியணும்னா முன்னாடி பார்க்காத, முதுகைப் பாரு. முதுகு ஒரே துண்டா இருந்தா தோலுக்குக் காசு செலவு பண்ணியிருக்கான்னு அர்த்தம்” என்பார். (ஏ-2-வுக்கும் முதுகு ஒரே துண்டுதான்!)

அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்குக் கண் கொஞ்சம் மங்கிச்சு. ஷேடு மேட்ச் பண்றதில் ஒண்ணு ரெண்டு தப்பாச்சு. ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க. அங்கே அவருக்கு வேலை, புது ஜாக்கெட்டைப் பழசாக்குறது!

எமரி பேப்பர், கம்பி பிரஷ், மெழுகு... இதுதான் ஆயுதம். பையர் ஒரு சாம்பிள் அனுப்புவார். முழங்கையில் இத்தனை இன்ச், பாக்கெட் ஓரம், காலர் நுனி, ஜிப் பட்டி என்று எங்கெல்லாம் தேயணும்னு அதில் குறிச்சிருக்கும். அதே அளவு, அதே இடம், எல்லாப் பீஸிலும் வரணும். ஒரு இன்ச் தள்ளித் தேய்ச்சாலும் ரிஜெக்ட்.

“ஒரு ஆர்டர்ல அறுநூறு பீஸ். அறுநூறு பேருக்கும் ஒரே முழங்கை!” என்று சிரிச்சார் அப்பா.

இந்த வித்தை ஹாலிவுட்டிலும் உண்டு. 1981-ல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்துக்கு, உடை வடிவமைப்பாளர் டெபோரா நடூல்மன் ஹீரோவோட புது ஜாக்கெட்டைக் கம்பி பிரஷ்ஷாலும் பேனாக்கத்தியாலும் தேய்ச்சே பழசாக்கினார். சினிமாவில் அது ஒரு ஆளோட கதைக்காக. கடையில் தொங்குறதோ கதையே இல்லாத கிழிசல். என் 1,499 ரூபாய் ஜாக்கெட்டில் இருந்த முழங்கை வெளுப்பும் அந்த ரகம்தான்.

ஆனா, இந்த இடத்துல ஒரு விஷயம் எனக்கு உறைச்சது. போன வருஷம் ரேஷன் கடைக்கு அப்பாவோட போயிருந்தேன். மெஷின்ல விரலை வைக்கச் சொன்னாங்க. வச்சார். எடுக்கலை. துடைச்சிட்டு வச்சார். எடுக்கலை. பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சும் ரேகை பதியவே இல்லை. பின்னாடி வரிசையில் முணுமுணுப்பு. கடைசியில் அம்மாவைக் கூட்டி வந்து அம்மா விரலை வச்சுதான் அரிசி வாங்கினோம். வரும்போது அப்பா, “மெஷினுக்கு என்னைத் தெரியலையாம்டா” என்று ஜோக் அடிச்சார். நானும் சிரிச்சேன். அப்போ எனக்கு ஏன்னு தெரியாது.

இப்போ தெரியும். எமரி பேப்பர் ரெண்டு பக்கமும்தானே தேய்க்கும்?

யாரோ ஒருத்தர் வாழாத வாழ்க்கையை ஜாக்கெட்டில் வரையறதுக்காக, இன்னொருத்தர் கையில் இருந்த ரேகை போயிருக்கு. ‘வின்டேஜ் லுக்’குங்கிற ரெண்டு வார்த்தைக்கு இதுதான் முழு அர்த்தம். அந்த ஜாக்கெட்டில் தேய்மானம் பொய். ஆனா தேய்ச்சவரோட தேய்மானம் நிஜம்.

உடனே, ‘அப்போ புதுசே வாங்காதீங்க’ன்னு நான் கொடி பிடிக்கப் போறதில்லை. அதை வச்சுதான் என் ஃபீஸ் கட்டினாங்க. பழசிலும் சிக்கல் இருக்கு. அந்தக் கால சைஸ் நமக்கு இறுக்கமா இருக்கும். சரியா வைக்காத தோல் காய்ஞ்சு, தொட்டா பொடியா உதிரும். தோலைப் பதப்படுத்துறதிலும் ரெண்டு பக்கம் உண்டு. நம்ம தமிழ்நாட்டுல ஆவாரம்பட்டை போட்டு வாரக்கணக்கா ஊறவைச்சுப் பதப்படுத்தின தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ங்கிற பேர்ல ஒரு காலத்துல லண்டன் சந்தைக்குப் போனது, 2008-ல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. குரோம் உப்பு வந்த பிறகு வாரக்கணக்கு வேலை நாள் கணக்கில் முடிஞ்சது. தோலும் மெதுவா, நல்லா வந்தது. ஆனா கழிவைச் சுத்தம் பண்ணாம விட்டா ஆறு தாங்குமா? டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்காக 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. அதனால என் கணக்கு சிம்பிள்: நாலு மாசத்துக்கு ஒண்ணு வாங்காம, ஒண்ணு வாங்கி இருபது வருஷம் போடு. நிஜத் தோலா வாங்கு. பழசு மாதிரி இருக்கிறதை வாங்காதே. பழசாகத் தெரிஞ்சதை வாங்கு.

சரி, நான் என்ன வாங்கினேன்? எதுவும் வாங்கலை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பீரோ மேல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார். அந்துருண்டை வாசனை. பழைய வேட்டியில் சுத்தி ஒரு ஜாக்கெட். கறுப்பு, மாட்டுத் தோல், முதுகு ஒரே துண்டு.

“1999-ல வெட்டினது. பையருக்குக் காட்ட சாம்பிள் பீஸ். தேய்க்கிறதுக்கு முன்னாடியே ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு. கம்பெனியில் சாம்பிளையெல்லாம் கம்மி விலைக்குக் குடுத்தாங்க. போனஸ் காசுல எடுத்தேன்.”

“ஏன்ப்பா நீங்க போடவே இல்லை?”

“கல்யாணம் ஆனா உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு கொடைக்கானல் போறப்ப போடலாம்னு வச்சிருந்தேன்.”

அடுப்படியிலிருந்து அம்மா குரல்: “அந்தக் கொடைக்கானல் பஸ் இன்னும் வரலை!”

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதை எடுத்து, துணியால் துடைச்சு, நிழலில் காத்தாட விட்டு, திரும்ப மடிச்சு வச்சிருக்கார். மாட்டிப் பார்த்தேன். தோள் கச்சிதம். ஆனா விறைப்பு... கையை மடக்கவே விடலை. யோசிச்சுப் பாருங்க, அது என்னைவிட மூத்தது. ஆனாலும் அதுக்கு வயசாகலை. ஒரு சுருக்கம் கிடையாது. பெட்டிக்குள்ளே கிடந்த வருஷம் எதுவும் கணக்கிலேயே வரலை! வின்டேஜ்ங்கிறது காலண்டர் கொடுக்கிறது இல்லை, எமரி பேப்பர் கொடுக்கிறதும் இல்லைன்னு அந்த ஒரு ஜாக்கெட் எனக்குச் சொல்லிடுச்சு.

ஆனாலும் புத்தி போகுமா? “அப்பா, உள்ளே பிரவுன்தானே? முழங்கையில் மட்டும் லேசா தேய்ச்சுக் கொடுங்களேன். சூப்பரா இருக்கும்.”

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஊருக்கெல்லாம் தேய்ச்சுக் குடுத்துட்டேன். உனக்குத் தேய்ச்சுத் தர மாட்டேன். நீயே போட்டுத் தேயி” என்றார். அவ்வளவுதான். பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டார்.

போட்டேன். மார்கழிக் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் அஞ்சரை மணிக்குப் பைக்கில் போகும்போது போட்டேன். ஐ.வி.க்கு ஏலகிரி பக்கம் போனபோது போட்டேன். லேப் ரெக்கார்டும் லேப்டாப்பும் அடைச்ச பையை ஒரே தோளில் தொங்கவிட்டுக்கிட்டு, ராத்திரி புராஜெக்ட் வேலை முடிச்சு கடைசி டிரெயினில் நின்னுக்கிட்டே தூங்கும்போதும் போட்டேன். மத்தியானத்தில் போடலை. நான் கிறுக்கன்தான், ஆனா அவ்வளவு இல்லை!

இப்போ ஒரு வருஷம் தாண்டியாச்சு. போன வாரம் ஜாக்கெட்டைக் கழட்டி மாட்டும்போது கவனிச்சேன். இடது தோளில் ரெண்டு இன்ச் அகலத்துக்கு மங்கலா ஒரு கோடு. கறுப்பு விலகி, பிரவுன்!

ஓடிப்போய் அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிச்சார். ரேஷன் கடை மெஷினுக்குத் தெரியாத அந்தக் கட்டை விரலால் கோட்டை மெதுவா ஒரு தடவை வருடினார்.

“பை மாட்டுற இடமா?”

“ஆமாப்பா.”

ரொம்ப நேரம் பார்த்துட்டு சொன்னார்: “இத்தனை வருஷத்துல எந்த பையரும் இந்த இடத்துல தேய்க்கச் சொல்லிக் கேட்டதே இல்லடா!”